ஏழு கடைகளும் ஒரு பொட்டலமும்

ஜனவரி 11

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. இடுப்பும் கல்லு மாதிரியே அசைய மாட்டேன் என்கிறது. உன் முழங்கால் படியேறுகிறதா? மாப்பிள்ளை ஊசியில் நூல் கோக்க இன்னும் உன்னைத்தான் கூப்பிடுகிறாரா, கண்ணாடி மாற்றிவிட்டாரா?

செய்தி இதுதான். இது என் கடைசிக் கப்பல். செப்டம்பரில் கரையேறுகிறேன். முப்பத்தெட்டு வருஷம் ஆடுகிற அடுப்பில் சமைத்தாயிற்று. இனி அடுப்பு ஒரு இடத்தில் நிற்கட்டும், நானும் நிற்கிறேன். உன் நகரத்திலேயே சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை போடலாம் என்று நினைக்கிறேன். பத்து மேசை. வேலை முடிந்து வருகிறவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார வேண்டும். எந்தக் கரண்டியை எதற்குப் பிடிப்பது என்று பயப்படக் கூடாது. அப்படி ஒரு கடை.

அதற்கு நீ ஒரு வேலை செய்ய வேண்டும். நகரத்தில் அந்த மாதிரிக் கடைகள் எங்கெங்கே இருக்கின்றன, எது நன்றாக இருக்கிறது, ஏன் நன்றாக இருக்கிறது என்று பார். போ, உட்கார், சாப்பிடு, குடி, எனக்கு எழுது. அடுப்புத் திரி மாற்றிய தேதியைக்கூட நோட்டில் குறித்து வைக்கிறவள் நீ. உன்னை விட்டால் யாரிடம் கேட்பேன்?

நீ வெளியில் வாய் நனைத்ததே இல்லை என்று தெரியும். அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். மாட்டேன் என்று மட்டும் எழுதாதே. அப்படி எழுதினால் கடிதத்தைக் கடலில் போட்டுவிட்டு, வரவே இல்லை என்று சொல்லிவிடுவேன்.

இங்கே அலை அடங்கியிருக்கிறது. அங்கே நீங்கள் இருவரும் அதுபோல் அமைதியாக இருங்கள்.

உன் அண்ணன்


பிப்ரவரி 2

அன்புள்ள அண்ணனுக்கு,

இடுப்பில் தைலம் தேய்க்கிறீர்களா, இல்லை வழக்கம் போலப் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே படுத்துவிடுகிறீர்களா? என் முழங்கால் படியேறுகிறது, முனகிக்கொண்டு. அவர் கண்ணாடி மாற்றிவிட்டார். நூல் கோக்க மட்டும் நான்தான். அது கண்ணின் பிரச்சினை இல்லை போலிருக்கிறது.

நீங்கள் கரைக்கு வருகிறீர்கள் என்று படித்ததும் கடிதத்தைச் சாமி முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு அழுதேன். அடுத்த பத்தியைப் படித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்களைத் திட்டினேன்.

நானா, கடைக்கா? அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்தது உங்களுக்கு மறந்துவிட்டதா? சமைக்கும்போது நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. முதல் கரண்டி சாமிக்கு. சாமிக்கு வைத்த சாப்பாட்டுக்கு மேல் யாரும் உப்புக் கேட்கக் கூடாது. கேட்டால் அது சாமி சாப்பிட்டதில் குற்றம் சொல்வது. முப்பத்தோரு வருஷமாக என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உப்புக் கிண்ணம் வைத்தது கிடையாது. இப்படி இருக்கிறவளைத் தெருத் தெருவாகப் போய்ச் சாப்பிடு என்கிறீர்கள்.

அரை நாள் யோசித்தேன். பிறகு, தட்டு வந்ததும் கண்ணை மூடி மனசுக்குள்ளேயே சாமிக்கு வைத்துவிட்டால் போதும் என்று தோன்றியது. சாமிக்கும் நாலு இடம் பார்த்த மாதிரி இருக்கும்.

உங்கள் மாப்பிள்ளையிடம் சொன்னேன். படித்துக்கொண்டிருந்த பேப்பரைக் கீழே வைத்தார். "போ, போ. எல்லாக் கடைக்கும் போ. நல்லா நிதானமா சாப்பிட்டுப் பாரு" என்றார். ஒரு விஷயத்துக்கு இவ்வளவு வேகமாகச் சரி சொல்லி நான் இந்த மனுஷரைப் பார்த்ததில்லை. தையல் கடையை மூடி ஒரு வருஷம் ஆகிறது, இன்னும் அவருக்கு வீட்டில் உட்கார வரவில்லை. நாலு மணி ஆனால் நடக்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார், ஐந்துக்கு வந்துவிடுவார். துணி வெட்டாவிட்டாலும் சட்டைப் பையில் அந்தத் துணியில் கோடு போடுகிற சுண்ணக்கட்டித் தூள் மட்டும் போகவில்லை. துவைக்கும்போது பையைத் திருப்பி உதறிக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதல் கடைக்கு நேற்றுப் போனேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே, பச்சைக் கதவு. வெட்கத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன். பரிமாறுகிறவர் வந்து, "அம்மா, இந்தப் பக்கம் திரும்புங்க. சுவரு ஆர்டர் எடுக்காது" என்றார். டீயும் முட்டை வைத்த ரொட்டியும். டீ நல்ல டீ, வாயில் நின்றது. முட்டையில் உப்பை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். பாதியோடு வைத்துவிட்டேன்.

அது இருக்கட்டும். உங்கள் கடையில் சமைக்க ஆள் எதற்குத் தேடுகிறீர்கள்? நான் இருக்கிறேனே. அம்மாவிடம் கேட்டு எழுதிய அளவு நோட்டு அப்படியே இருக்கிறது. உப்பு முதல் மிளகு வரை கரண்டிக் கணக்கு. நீங்கள் சரி என்றால் இப்போதே சாமியிடம் சொல்லி வைக்கிறேன்.

காற்றில் நிற்காதீர்கள். காதை மூடிக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை


மார்ச் 3

அன்புள்ள கணக்குக்கு,

சுவரு ஆர்டர் எடுக்காது என்பதை இங்கே இருபத்திரண்டு பேருக்கும் படித்துக் காட்டினேன். கேப்டன் சிரித்து நான் இப்போதுதான் பார்க்கிறேன். உன் கால் நடக்கிறது என்பதில் சந்தோஷம். அதற்கு எண்ணெய் போட்டது நான் என்று ஞாபகம் வைத்துக்கொள்.

முதல் கடையிலேயே பயம் போய்விட்டது. இனி ஒன்றைக் கவனி. நான் என் சமையலை வாயால் பார்ப்பதைவிடத் திரும்பி வருகிற தட்டால்தான் பார்ப்பேன். என் சமையலறைச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல். தட்டெல்லாம் அதன் வழியாகத்தான் உள்ளே வரும். யார் எதை ஓரம் தள்ளினான், எதை வழித்துத் தின்றான் என்று தட்டு சொல்லிவிடும். வாய் சொல்லாது. வாய்க்கு மரியாதை தெரியும், தட்டுக்குத் தெரியாது. நீயும் மற்றவர்கள் விட்டுப்போன தட்டைப் பார்.

ஒரு கடையில் சாப்பாடு சரியில்லை என்றால் அடுத்ததற்குப் போ. ஒரே கடையை வைத்து முடிவு கட்டாதே. உப்பு என்று எழுதியிருந்தாய். நாலைந்து இடம் பார்த்துவிட்டுச் சொல்.

சமையலுக்கு ஆள் விஷயம் நேரில் பேசலாம். அவசரம் இல்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நல்ல மனுஷர். நான் சொல்கிறேன் என்று சொல்.

அண்ணன்


மார்ச் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் வந்த அன்று மழை. நனைந்த உறையைக் காயவைத்துப் படித்தேன். நாங்கள் இருவரும் சுகம். உங்கள் இடுப்பைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, அப்படியென்றால் வலிக்கிறது.

நாலு கடை பார்த்துவிட்டேன். நோட்டில் இருக்கிறபடி எழுதுகிறேன்.

இரண்டாவது கடை அச்சகத் தெருவில். பழச்சாறும் வெண்ணெய் ரொட்டியும். மை படிந்த கையோடு அச்சகத்து ஆட்கள் வந்து நின்றுகொண்டே குடிக்கிறார்கள். கடைக்காரர் அவர்களுக்கென்றே ஓரத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்திருக்கிறார். யாரும் கேட்காமல் வைத்தது. அண்ணா, நம் கடையிலும் வாளி வேண்டும்.

மூன்றாவது, வங்கிக்கு மேல் மாடியில் ஒரு காபிக் கடை. மெத்தை நாற்காலி. ஒரு காபியை வாங்கிவைத்துக்கொண்டு ஒரு பையனும் பெண்ணும் ஒன்றரை மணி நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னும் என்ன வேணும்?" என்று பரிமாறுகிற பெண் கேட்டாள். "ஒண்ணும் வேணாம்" என்றான் அவன், அவளைப் பார்க்காமலே. காபி சுமார். ஆனால் யாரையும் எழுப்பி அனுப்பவில்லை. அதைக் குறித்துக்கொண்டேன்.

நான்காவது, ரயில் நிலையத்துக்குப் பின்னால் சூப் கடை. ஐந்தாவது, நூல் மொத்தக் கடைகளுக்கு நடுவில் ஒரு சோற்றுக் கடை. சோறு, பருப்பு, வெங்காயத்தோடு வதக்கிய உருளைக்கிழங்கு. இரண்டிலும் தட்டுகளைப் பார்த்தேன். எல்லாம் வழித்துத் துடைத்த மாதிரி காலி. எனக்கு இரண்டிலும் வாய் கரித்தது. மூட்டை தூக்குகிற ஒருவர் பக்கத்தில் இருந்தார். "உங்களுக்கு உப்பா இல்லையா?" என்று கேட்டேன். அவர் என் தட்டிலிருந்து ஒரு துண்டு உருளையை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "சரியாத்தானே இருக்கு? உடம்பு சரியில்லையா அம்மா?" என்றார். அவர் கேட்ட விதத்தில் எனக்குக் கோபமே வரவில்லை.

ஆக ஐந்து கடை பார்த்தேன். வாய்க்கு உப்பு பட்ட இடமெல்லாம் கரித்தது. இந்த நகரமே உப்பைக் கொட்டித்தான் சமைக்கிறது. நம் கடை இதிலேயே தனியாகத் தெரியும். வீட்டில் அவர் தட்டையும் பார்த்தேன், நீங்கள் சொன்னபடி. பளிச்சென்று காலி. என்றைக்கும் அப்படித்தான். "எப்படி இருக்கு?" என்றால், "நல்லாயிருக்கு." முப்பத்தோரு வருஷமாக அந்த ஒரே வார்த்தைதான்.

சமையலுக்கு நான் வருகிறேன் என்று எழுதியதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. நேரில் பேச என்ன இருக்கிறது?

தைலம்! மறக்காதீர்கள்.

தங்கை


ஏப்ரல் 12

அன்புள்ள கணக்குக்கு,

தைலம் தேய்த்தேன். சமையலறை முழுக்க அந்த வாடை. இன்று எல்லோரும் சூப்பை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்கள். உன் முழங்காலுக்கு அந்த வாடையையே அனுப்பி வைக்கிறேன்.

வாளியும் சோப்பும் வைத்தாயிற்று என்று வைத்துக்கொள். நீ எழுதுகிற மாதிரி கடை பார்க்க இந்தக் கப்பலில் ஒருவனுக்கும் தெரியாது. உன்னைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்ளத்தான் போகிறேன். அது முடிவு.

சமையல் விஷயம். என்ன எழுதுவது என்று இரண்டு நாள் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் யோசித்துப் பார். உனக்குக் கரித்த மூன்று கடைச் சமையல்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இருக்காது. எல்லோரும் கூடிப் பேசி உப்பைக் கூட்டியிருக்க முடியுமா?

அது இருக்கட்டும். இன்னும் இரண்டு கடை பார். முனிசிபல் நூலகத்துக்குப் பின்னால் ஒன்று இருப்பதாக எப்போதோ கேள்விப்பட்டேன்.

மாப்பிள்ளை நல்லாயிருக்கு என்கிறார் என்றால் அவர் மனசு நல்லாயிருக்கிறது என்று அர்த்தம். வேறு எதையும் நினைக்காதே.

அண்ணன்


மே 2

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். நீங்களும் சுகம் என்று நினைக்கிறேன்.

ஆறாவது கடை, பூங்கா ஓரம். எலுமிச்சை போட்ட சோடா. நன்றாக இருந்தது.

ஏழாவது கடை நூலகத்துக்குப் பின்னால் இருக்கிறது, நீங்கள் சொன்னது. கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி, உள்ளே போகவில்லை. முழங்கால் வலிக்கிறது. இனிமேல் கடை பார்க்கப் போக முடியும் என்று தோன்றவில்லை. ஏழாவது பக்கத்தை நோட்டில் வெறுமையாக விட்டுவிட்டேன்.

ஒரு சந்தேகம். கல்லாவில் இருக்கிற ஒரு பெண், ஒரு வயசான மனுஷருக்கு, அவர் கேட்காமலே ஒரு காகிதப் பொட்டலம் எடுத்துக் கொடுத்தால், அவரும் அதை யாருக்கும் காட்டாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால், அதில் என்ன இருக்கும்? சும்மாதான் கேட்கிறேன்.

தங்கை


மே 20

என் கணக்குக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. உனக்குக் கல்யாணம் ஆன மறுநாள் எழுதியதே நாலு பக்கம்.

முழங்காலுக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். முழங்கால் வலித்தால் நீ எந்தப் படியில், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் என்று எழுதுவாய்.

அந்த வயசான மனுஷர் யார் என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் உன் அண்ணனாக ஒன்று சொல்கிறேன். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தது பாதிதான். திரும்பப் போ. உள்ளே போய் உட்கார். சுவரைப் பார்த்து உட்காராதே. அந்தக் கல்லாப் பெண்ணிடமே கேள். அவர் பையில் இருப்பது உனக்கு எதிரானதாக இருக்காது, அதற்கு நான் பொறுப்பு.

சாப்பிட்டாயா? ஒழுங்காகச் சாப்பிடு.

அண்ணன்


ஜூன் 5

அன்புள்ள அண்ணனுக்கு,

சாப்பிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அன்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது உங்கள் மாப்பிள்ளை. நீங்கள் ஊகித்திருப்பீர்கள். மூலை மேசையில் ஒரு டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்லாப் பெண் பொட்டலத்தை நீட்டினாள், இவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் என் மனசு எங்கெங்கேயோ போய்விட்டது. சாமி முன்னால் நிற்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

நேற்றுக் காலை, அவர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். கல்லாவுக்கு எதிரே உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும், மூக்குக்கண்ணாடி நூலில் தொங்குகிறது.

"சாயங்காலம் அந்த மூலை மேசைல ஒருத்தரு உக்காருவாரே..." என்றேன்.

"யாரு, உப்பு சாரா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அவரு இங்க என்ன சாப்பிடுவாரு?" என்றேன்.

"சாப்பிடவா? டீ மட்டும்தாங்க. பன்னு சூடா இருக்கு, எடுத்துக்கங்கன்னா, வேணாம்மா, வீட்ல போய்ச் சாப்பிடணும், வயித்துல எடம் வேணும்பாரு."

"அப்ப அந்தப் பொட்டலம்?"

"உப்பு. ரெண்டு நாளைக்கு ஒரு பொட்டலம். அவரு தையக் கடை இந்தத் தெருவுலதான இருந்துச்சு, அப்பலேர்ந்து. பதினாலு வருஷம் இருக்கும். எதுக்கு சார்னு ஒரு தடவ கேட்டேன். எங்க வீட்ல பிரமாதமாச் சமைப்பாங்க, உப்பு மட்டும் நான் கொண்டுபோகணும்னாரு. வீட்டுக்காரம்மா ரொம்ப பக்தியாம். யாருகிட்டயும் சொல்லிராதீங்கன்னு வேற சொன்னாரு. ஐயோ, நீங்க அவருக்கு யாரு?"

ஒரு காய்கறி சூப் கொண்டுவரச் சொன்னேன். கண்ணை மூடிச் சாமிக்கு வைத்தேன். கரிக்கட்டும் என்று முழுக் கிண்ணமும் குடித்தேன். நாலாவது வாயில் கரிப்புப் போய்விட்டது. கேரட் கேரட்டாக இருந்தது, பீன்ஸ் பீன்ஸாக இருந்தது. வீட்டுக்கு வந்து, காலையில் வைத்து மிஞ்சியிருந்த என் சூப்பைக் குடித்துப் பார்த்தேன். வெந்நீரில் காய் கிடந்த மாதிரி இருந்தது.

அவர் சட்டைப் பையில் நான் இத்தனை வருஷமாக உதறியது சுண்ணக்கட்டி இல்லை.

அண்ணா, நீங்கள் கப்பல் சமையல்காரர். விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் என் கையால் சாப்பிட்டவர். நூலகத்துக்குப் பின்னால் என்று எனக்கு எழுதியவரும் நீங்கள்தான். எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். என் சமையலில் உப்பு இல்லையா? அம்மாவின் அளவு தப்பா? ஆமாம் என்றோ இல்லை என்றோ எழுதுங்கள். அதுவரை உங்கள் கடையில் நான் சமைப்பதைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

தங்கை


ஜூலை 6

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கடலில் காற்று என்று பேப்பரில் போட்டிருந்தது. உங்கள் பக்கம் இல்லை என்று அவர் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினார். இருந்தாலும் தினமும் உங்கள் பெயரைச் சாமியிடம் இரண்டு தடவை சொல்கிறேன்.

அவரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சமையலையும் மாற்றவில்லை. அம்மாவின் அளவு தப்பு என்று நானே முடிவு கட்ட மனசு வரவில்லை. உங்கள் பதிலுக்காக வைத்திருக்கிறேன்.

ஆனால் அவர் கையைக் கவனிக்கிறேன். நான் தண்ணீர் எடுக்கத் திரும்புகிற நேரம்தான் அவருக்கு. இரண்டு விரல் பைக்குள் போகும், வரும், தட்டின் மேல் ஒரு தட்டுத் தட்டும். தையல்காரர் விரல் இல்லையா, ஒரு பருக்கை சிந்தாது. நான் திரும்பிப் பார்க்கும்போது சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்.

முன்னெல்லாம் தண்ணீர்ப் பானை மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. இப்போது நான் அதை ஜன்னலோரம் நகர்த்தி வைத்துவிட்டேன். போய்வர நாலு அடி கூடுதல். அவர் நிதானமாகப் போட்டுக்கொள்ளட்டும்.

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

தங்கை


ஜூலை 15

என் கணக்குக்கு,

காற்று எங்கள் பக்கம் வரவில்லை. நான் நன்றாக இருக்கிறேன். உன் ஜூன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். நேற்று இரண்டாவது கடிதம் வந்தது. நீ பானையை நகர்த்தியதைப் படித்த பிறகு என்னால் கிழிக்க முடியவில்லை.

ஆமாம். உன் சமையலில் உப்பு பாதிதான் இருக்கிறது. ஆனால் நீ தப்பாகச் சமைக்கவில்லை. அம்மா சொன்ன அளவை அப்படியே போட்டாய்.

உனக்குப் பன்னிரண்டு வயது. நான் அப்போதுதான் முதல் கப்பலில் ஏறியிருந்தேன். அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு, இதயமும் பலவீனம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். "சின்னவளுக்குத் தெரிய வேண்டாம், பயந்துவிடுவாள்" என்று அப்பா சொன்னாராம். அம்மா எனக்கு எழுதினாள். ஒரு கரண்டி உப்பு போடுகிற இடத்தில் அரைக் கரண்டி என்று மாற்றினாள். அப்பா கை நீட்டிவிடுவார் என்று மேசையிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்தாள். உப்பு எங்கே என்று நீ கேட்டாயாம். சாமிக்கு வைத்ததற்கு மேல் உப்புக் கேட்கக் கூடாது என்று அந்த நிமிஷம் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். நீ எழுதிய மூன்று விதிகளில் முதல் இரண்டும் பாட்டி காலத்திலிருந்து வந்தவை. இந்த மூன்றாவது, அப்பாவுக்காக அம்மா சொன்ன பொய்.

அந்த வருஷம்தான் நீ நோட்டைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே சுற்றி அளவெல்லாம் எழுதிக்கொண்டாய். நோயாளிக்குச் சமைத்த அளவை நம் வீட்டு அளவு என்று எழுதிக்கொண்டாய். கணக்கு, அப்பா போனது திடீரென்று இல்லை. அந்த அரைக் கரண்டியால் நாலு வருஷம் கூடுதலாக இருந்தார்.

பிறகு சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொல்லாதே என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவள் போன பிறகும் சொல்ல மனசு வரவில்லை, நீ அந்த மூன்றையும் எவ்வளவு பெருமையாகச் சொல்வாய் என்று எனக்குத் தெரியும். போன தடவை விடுமுறையில் மாப்பிள்ளை என்னை அந்த நூலகக் கடைக்கு அழைத்துப் போய் எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். இரண்டு பேரும் உன் மேசையில் திருடர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உன்னைக் கடை கடையாக அனுப்பினால் உன் நாக்கே உனக்குச் சொல்லிவிடும் என்று ஒரு கோழைத்தனமான யோசனை. அது என்னுடையது. அவரைத் திட்டாதே.

கோபமாக இருந்தால் பதில் எழுத வேண்டாம். எழுதாவிட்டாலும் செப்டம்பரில் வந்து வாசலில் நிற்பேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு நாள் கோபமாகத்தான் இருந்தேன். மூன்றாம் நாள் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. கடைசி வருஷங்களில் சாப்பிட்டு எழுந்ததும் என் தலையில் கை வைத்து "நல்லாயிருக்கு" என்பார். பாதி நாள் நான்தானே அடுப்பில் நின்றேன். என் சமையலைச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். எனக்கே தெரியாமல் அப்பாவுக்கு மருந்து சமைத்திருக்கிறேன். அந்த நோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அம்மா சொன்ன பொய்யையும் சேர்த்துத்தான்.

அடுத்த நாள் உங்கள் மாப்பிள்ளையை டாக்டரிடம் அழைத்துப் போய் ரத்தக் கொதிப்பு பார்க்க வைத்தேன். "எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று முனகினார். ஒன்றும் இல்லை, வயதுக்குச் சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தேன். அரை என்று இருந்த இடத்திலெல்லாம் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் ஒன்று என்று எழுதினேன். அடித்து அழிக்கவில்லை. பழையதும் தெரியட்டும்.

அன்றைக்குக் காய்கறி சூப்பும், சோறும், வெங்காயம் போட்ட உருளைக்கிழங்கும். நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை, அதை நான் விடமாட்டேன். சாமிக்கு வைத்தேன். அவருக்குப் போட்டேன். வழக்கம் போலத் தண்ணீர் எடுக்க ஜன்னலோரம் போனேன்.

அளவை மாற்றியதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன், மறந்துவிட்டேன் என்று சொன்னால் சாமி கேட்டுக்கொண்டிருக்கிறார். மறக்கவில்லை.

திரும்பி வந்தேன். முதல் வாய் உள்ளே போனது. மென்றுகொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. கண்ணில் தண்ணீர். ஆனாலும் விழுங்கினார்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லா... நல்லாயிருக்கு."

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"ம். போடு." மூன்று டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டார், அண்ணா. தட்டைக் காலி செய்துவிட்டார். எனக்கு அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். "பையில இருக்கறத எடுங்க" என்றேன்.

வாடிக்கையாளர் துணியை அளவு குறைத்து வெட்டிவிட்டவர் மாதிரி எழுந்து நின்றார். பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"எப்பலேர்ந்து?"

"கல்யாணம் ஆகி ரெண்டாவது வாரத்துலேர்ந்து."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லலாம்னுதான் அன்னிக்கு எழுந்து வந்தேன். நீ சாமி முன்னாடி நின்னு, இந்த வீட்ல யாரும் உப்புக் கேக்காம இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருந்த. சாமிகிட்டயே சொல்லிட்ட பிறகு நான் யாரு நடுவுல?"

அண்ணா, அதற்கு மேல் நான் அழுதேனா சிரித்தேனா என்பதை நோட்டில் எழுதவில்லை. உங்களுக்கும் எழுதப்போவதில்லை.

அந்தப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கிண்ணத்தில் கொட்டி மேசை நடுவில் வைத்திருக்கிறேன். நேற்று நாலு மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். "இனி உப்பு வேண்டாமே, எங்க கிளம்பிட்டீங்க?" என்றேன். "டீ குடிக்க. நீயும் வாயேன்" என்றார். போனோம். மூலை மேசையில் இரண்டு டீ. கல்லாப் பெண் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவளே இரண்டு பன் கொண்டுவந்து வைத்தாள். இவர் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏழாவது பக்கத்தை நிரப்பிவிட்டேன்: டீ நன்று, பன் நன்று, ஆட்கள் மிக நன்று.

கடைக்கு என் முடிவு இது. வாசலில் வாளியும் சோப்பும். யாரையும் எழுப்பி அனுப்பக் கூடாது. பத்து மேசையிலும் உப்புக் கிண்ணம் இருக்க வேண்டும், கேட்காமலே. சமையலுக்கு நான் வருகிறேன். அளக்கிறது நான், நாக்கில் வைத்துப் பார்க்கிறது நீங்கள். முதல் கரண்டி சாமிக்கு எடுத்த பிறகு.

அவரைப் பற்றித்தான் எனக்கு இன்னும் மனசு கேட்கவில்லை. நான் என் வீட்டில் அடுப்பு பற்ற வைத்த நாளிலிருந்து ஒவ்வொரு வேளையும் அந்த அரைக் கரண்டிச் சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. உங்கள் மாப்பிள்ளைக்காவது நூலகத்துக்குப் பின்னால் ஒரு கடை இருந்தது. பாவம், சாமிக்குப் பொட்டலம் மடித்துக் கொடுக்க யார் இருந்தார்கள்? இன்றைக்கு அவருக்கு இரண்டு கரண்டி சூப் கூடுதலாக வைத்தேன்.

இடுப்பைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். மேசையில் உங்கள் இடம் அப்படியே இருக்கிறது. சட்டைப் பையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம்.

உங்கள் கணக்கு